மீட்டர் வைத்தவர் கருமியா?

பிரிட்டனில் கேரவன் இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களிடம், கரண்டுக்கு மீட்டர் வைத்திருக்கும் சிறிய தளங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். காசு பிடுங்கிகள் என்பார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் யூனிட் எண்ணிக்கொண்டா உட்கார முடியும் என்பார்கள். இரவுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொல்லி, கரண்டையும் அதிலேயே சேர்த்துவிடுவதுதான் பெருந்தன்மை, அதுதான் பழைய நல்ல வழக்கம் என்று முடிப்பார்கள். இதை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பது அரிது. தளக்காரர்களே வாய் திறப்பதில்லை. வருகிற வாடிக்கையாளரிடம் வாதாடி யாருக்கு என்ன லாபம்? எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. ஒரே தொகை என்பது பெருந்தன்மை அல்ல. சிக்கனமாக இருக்கிறவர் பையிலிருந்து எடுத்துத் தாராளமாக இருக்கிறவருக்குக் கொடுப்பது, அதுவும் இருவருக்கும் தெரியாமல் கொடுப்பது.

எந்தத் தளங்களைச் சொல்கிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான பிட்ச் (கேரவன் நிறுத்துமிடம்), கடை, நீச்சல் குளம் என்று இருக்கும் பெரிய பூங்காக்கள் அல்ல. 1960-ஆம் ஆண்டுக் கேரவன் தளங்கள் சட்டம் ஒரு சலுகை தந்தது. விலக்குப் பெற்ற அமைப்பு ஒன்று சான்று கொடுத்தால், தனியாக உரிமம் வாங்காமலேயே ஒரு நிலத்தில் ஐந்து கேரவன் வரை நிறுத்தலாம். 1907-இல் தொடங்கிய கேரவன் கிளப்பும், 1901-இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போனவர்கள் தொடங்கிய கேம்பிங் கிளப்பும் இப்படிச் சான்று கொடுத்த தளங்கள் நாடு முழுக்கக் கிடக்கின்றன. பெரும்பாலும் பண்ணை வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி, ஒரு குடிநீர்க் குழாய், கழிவறைப் பெட்டியைக் கொட்ட ஓர் இடம். அவ்வளவுதான். பின்னாளில் பலர் மின்கம்பமும் நட்டார்கள். நீல நிற மூன்று முள் சாக்கெட், அதில் செருக ஆரஞ்சு நிற நீள வயர். பதினாறு ஆம்பியர் இணைப்பு என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 3,680 வாட் இழுக்கலாம். இந்த ஒரு எண்ணில்தான் சண்டை முழுவதும் இருக்கிறது.

யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 2024-இல் வீட்டு இணைப்புக்கான விலை உச்சவரம்பு இதை ஒட்டியே இருந்தது. ஜூலை மாதம் வருகிற ஒரு தம்பதி: ஃபிரிட்ஜ், விளக்கு, பேட்டரி சார்ஜர், நாலைந்து முறை கெட்டில். நாளுக்கு நான்கு யூனிட் ஆகும். ஒரு பவுண்டு. அதே பிட்ச்சில் அக்டோபரில் இன்னொருவர்: இரண்டு கிலோவாட் ஹீட்டர், பகலும் இரவும் சேர்த்துப் பத்து மணி நேரம். அதுவே இருபது யூனிட். மற்றதையும் சேர்த்தால் இருபத்து நான்கு. ஆறு பவுண்டு. தளக்காரர் இரவுக்கு நான்கு பவுண்டை வாடகையோடு சேர்த்திருக்கிறார் என்றால், ஜூலைத் தம்பதி மூன்று பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அக்டோபர்க்காரர் இரண்டு பவுண்டைத் தளக்காரர் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். சின்னத் தொகைதானே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. இரவு வாடகையே இருபது பவுண்டை ஒட்டி இருக்கும் இடத்தில் மூன்று பவுண்டு சின்னத் தொகையா? அதே மூன்று பவுண்டை வாடகையில் ஏற்றிப் பாருங்கள், அப்போது கேட்கும் கூச்சலை.

ஒரே தொகைக்காரர்களின் வாதத்தை உடைக்க எனக்குக் கணக்கே வேண்டாம். கேரவனுக்குள் இருக்கும் ஹீட்டர் சுவிட்ச் போதும். பிரிட்டிஷ் கேரவன்களில் பரவலாக இருக்கும் ட்ரூமா ஹீட்டருக்கு இரண்டு வழிகள் உண்டு: ஒன்று கேஸ், மற்றது கரண்ட். கரண்ட் பக்கம் 500, 1,000, 2,000 வாட் என்று மூன்று நிலைகள். கேஸ் சிலிண்டரைத் தன் காசில் வாங்கி, காரில் ஏற்றி, முன்பெட்டியில் பட்டை போட்டுக் கட்டி வந்தவர் கேஸில் ஓட்டும்போது எப்படி ஓட்டுகிறார்? படுக்கப் போகும்போது குறைக்கிறார். வெளியே கிளம்பினால் அணைக்கிறார். ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எவ்வளவு மிச்சம் என்று மனக்கணக்குப் போடுகிறார். அதே மனிதர், அதே ஹீட்டர், வாடகையில் கரண்ட் சேர்ந்த தளம். சுவிட்ச் நேராக 2,000-க்குப் போகிறது. புறப்படும் நாள் வரை அங்கேயே நிற்கிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நம் பாட்டிகள் சொன்னது இந்த சுவிட்சைப் பார்த்துத்தானோ என்று தோன்றும்.

கேஸாக மாற்றிப் பார்த்தால் இதன் அளவு உறைக்கும். ஒரு கிலோ புரோப்பேனில் ஏறத்தாழ பதினான்கு யூனிட் வெப்பம் இருக்கிறது. ஆறு கிலோ சிலிண்டரில் எண்பது சொச்சம். நாளுக்கு இருபது யூனிட் எரிக்கிறவர் நான்கே நாளில் ஒரு சிலிண்டரைக் காலி செய்கிறார் என்று பொருள். நான்கு நாளைக்கு ஒரு சிலிண்டரைத் தளக்காரர் இலவசமாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று எந்தக் கேரவன்காரராவது கேட்பாரா? கேட்டால் பக்கத்துப் பிட்ச்காரரே சிரிப்பார். அதையே வயர் வழியாகக் கேட்டால் மட்டும் அது உரிமை, பழைய நல்ல வழக்கம்.

ஒரு காட்சி பாருங்கள். யார்க்‌ஷர் பக்கம் ஒரு புல்வெளி, இலையுதிர் காலத்துக் காலை, பனி இன்னும் கலையவில்லை. ஒரு கேரவனோடு ஒட்டிக் கட்டிய ஆனிங் கூடாரத்துக்குள் விசிறி ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடாரத்தின் ஜிப் பாதி திறந்திருக்கிறது. வெப்பம் துணி வழியாகவும் அந்த இடைவெளி வழியாகவும் வயலுக்குப் போகிறது. கூடார ஓரத்தில் மட்டும் புல்லில் பனி இல்லை. கார் இல்லை, நடைக்குப் போய்விட்டார்கள். நாய்க்கு மட்டும் படுக்கை விரித்திருக்கிறது, அந்த நாயையும் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். திரும்பி வரும்போது கதகதப்பாக இருக்க வேண்டுமாம். இப்படிச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவர்கள் வீட்டில் ஒருநாளும் இப்படிச் செய்யமாட்டார்கள், ஏனென்றால் அங்கே மீட்டர் இருக்கிறது.

பேராசைக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மீட்டர் வைத்தால் தளக்காரர் யூனிட்டுக்கு மேல் காசு வைத்து லாபம் பார்ப்பார் என்பது பரவலான சந்தேகம். உண்மை இதற்கு நேர் எதிர். கரண்டை வாங்கி வீட்டு உபயோகத்துக்காக மறுபடி விற்கிறவர், தான் வாங்கிய விலைக்கு மேல் ஒரு பென்னியும் வைக்கக் கூடாது என்று ஆற்றல்துறைக் கட்டுப்பாட்டாளரான ஆஃப்ஜெம் விதித்திருக்கிறது. 2003 ஜனவரி 1 முதல் இந்த மறுவிற்பனை உச்ச விலை நடப்பில் இருக்கிறது. கேரவனில் தங்குகிறவருக்கு விற்பதும் இதில் அடக்கம். யூனிட் விலையும், தினசரி நிலைக் கட்டணத்தில் அவரவர் பங்கும் மட்டுமே வாங்கலாம். விலை எப்படி வந்தது என்று வாடிக்கையாளர் கேட்டால் தளக்காரர் காட்ட வேண்டும். கூடுதலாக வாங்கியிருந்தால் சிவில் நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்கலாம்.

ஒரே தொகையில் கரண்டைக் கரைத்துவிட்டால் என்ன ஆகும்? கரண்டுக்கென்று தனி விலையே இல்லாதபோது அந்த விதி எதைப் பிடிக்கும்? வாடகையில் நான்கு பவுண்டு கரண்டுக்கா, ஏழு பவுண்டா என்று யாரும் கேட்க முடியாது. கேட்டாலும் தளக்காரர் சொல்லத் தேவையில்லை. ஆக, லாபம் பார்க்கச் சட்டம் தடை போட்டிருக்கும் முறையைப் பேராசை என்கிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள வழி இருக்கும் முறையைப் பெருந்தன்மை என்கிறோம். தளக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் குத்துமதிப்பாக ஒரு தொகை போடுகிறார்கள். ஆனால் குத்துமதிப்புப் போடுகிறவர் நஷ்டப்படுகிற மாதிரியா போடுவார்? குளிரில் வருகிற ஹீட்டர் பிரியரை மனதில் வைத்துத்தான் போடுவார். அந்தப் பயத்துக்கான விலையை ஜூலையில் வருகிறவர் கட்டுகிறார்.

இந்தக் குத்துமதிப்பின் லட்சணம் 2022-இல் தெரிந்தது. வீட்டு இணைப்புக்கு யூனிட் விலை 2021 அக்டோபரில் சுமார் 21 பென்ஸ். 2022 ஏப்ரலில் 28. அக்டோபரில் அரசு தலையிட்டு நிறுத்திய பிறகும் 34. வணிக இணைப்பு வைத்திருந்த பண்ணைகளுக்கு வீட்டு உச்சவரம்பே கிடையாது. ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கும் நேரம் அவரவர் தலைவிதி. அந்த ஆண்டுக்கான இரவு வாடகையை முன்பே அறிவித்து, முன்பதிவும் வாங்கி வைத்திருந்த தளக்காரர் என்ன செய்வார்? சிலர் பொறுத்துக்கொண்டார்கள். சிலர் ஹீட்டர் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்தார்கள். மீட்டர் இருந்தவர் பலகையில் ஒரே ஓர் எண்ணை அழித்து எழுதினார். இன்னொன்றும் உண்டு. அந்த அக்டோபரில் வணிகங்களுக்கு அரசு ஆறு மாத மின் நிவாரணம் கொடுத்தபோது, இடையில் நிற்கிறவர் அந்தப் பலனைக் கடைசியாகப் பயன்படுத்துகிறவருக்கு நியாயமான அளவில் கைமாற்ற வேண்டும் என்று விதியும் போட்டது. யூனிட் கணக்கு இருந்த இடத்தில் கைமாற்றுவது எளிது. எல்லாம் ஒரே தொகையில் கரைந்திருந்த இடத்தில் எதைக் கழித்து யாருக்குக் கொடுப்பது?

எதிர்த்தரப்பின் வாதங்களில் வலுவானது ஒன்றுதான், அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். சிறிய தளத்தில் செலவு யூனிட்டில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது என்பது அந்த வாதம். பள்ளம் தோண்டிக் கேபிள் புதைக்க வேண்டும். ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் காப்புக் கருவி வேண்டும். பண்ணை வீட்டின் எர்த்தையே கேரவனுக்கும் இழுத்துவிட முடியாத இடங்கள் ஏராளம். மின் விநியோகக் கம்பியில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாக வருகிற இணைப்பை உலோக உடம்புள்ள கேரவனோடு சேர்க்க விதிகள் அனுமதிப்பதில்லை. மண்ணில் தனிக் கம்பி அடித்துத் தனி எர்த் போட வேண்டும். காலமுறையில் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதிக்க வேண்டும். இவ்வளவும் நான்கு யூனிட் எரிக்கிறவருக்கும் ஒன்றுதான், இருபத்து நான்கு எரிக்கிறவருக்கும் ஒன்றுதான். பிறகு ஏன் யூனிட்டைப் பிடித்துத் தொங்க வேண்டும்?

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வாதம் போய்ச் சேருகிற இடம் ஒரே தொகை அல்ல. எல்லோருக்கும் சமமாக விழுகிற செலவை எல்லோரும் சமமாகக் கட்டட்டும். அது பிட்ச் வாடகையில் இருக்கட்டும். ஆளுக்கு ஆள் ஆறு மடங்கு வித்தியாசப்படுகிற செலவை அவரவர் கட்டட்டும். அது மீட்டரில் இருக்கட்டும். கேபிளுக்கும் காப்புக் கருவிக்கும் வாடகையில் ஒரு பவுண்டு கூட வைத்தால் அதை நான் முகம் சுளிக்காமல் கொடுப்பேன். பக்கத்துக் கூடாரத்தின் விசிறி ஹீட்டருக்குக் கொடுக்கத்தான் மனம் வரவில்லை.

மீட்டர் வாங்கவே செலவாகாதா, ஐந்து பிட்ச்சுக்கு அது கட்டுப்படியாகுமா என்பது இதன் வால். பில் போடுவதற்கு ஒப்புதல் பெற்ற சிறிய மீட்டர் ஒன்று சில பத்துப் பவுண்டுகளுக்குக் கிடைக்கிறது. மாட்டுகிற கூலிதான் அதிகம். சோதனைக்கு எலக்ட்ரீஷியன் வருகிற நாளிலேயே மாட்டச் சொன்னால் அதுவும் குறையும். கார்டு, காயின், செயலி எதுவும் வேண்டாம். வரும்போது தளக்காரரும் விருந்தினரும் சேர்ந்து நின்று எண்ணைப் பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் எழுத வேண்டும். கிளம்பும்போது மறுபடி எழுதிக் கழிக்க வேண்டும். நூற்றைம்பது பிட்ச், நாள்தோறும் பாதி மாறுகிற கூட்டம் என்றால் இது தலைவலி. ஐந்து பிட்ச்சில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். மீட்டர் பெரிய இடங்களுக்குத்தான் லாயக்கு, சிறிய இடத்துக்கு ஒரே தொகைதான் தோது என்கிறார்களே, அதைத் தலைகீழாகத் திருப்பினால்தான் சரியாக இருக்கும்.

அடுத்தது இரக்க வாதம். வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் குளிரில் மீட்டரைப் பார்த்துப் பயந்து ஹீட்டரை அணைத்துவிடுவார்களே! கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் ஒரே தொகையில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று பாருங்கள். அதிகம் இழுப்பது பெரிய வண்டிகள்: மூன்று கிலோவாட் வரை இழுக்கிற ஆல்டே நிறுவன வெப்பமூட்டி, மைக்ரோவேவ், கோடையில் கூரை ஏசி. குறைவாக இழுப்பது பழைய சின்னக் கேரவன், ஒரு விளக்கு, ஒரு ரேடியோ. முன்னதன் விலையில் பின்னதைப் பத்துப் பதினைந்து வாங்கலாம். சின்னக் கேரவன்காரர் பெரிய வண்டிக்காரரின் கணப்புக்குக் காசு கட்டுகிற ஏற்பாட்டுக்கு இரக்கம் என்று பெயர் வைக்க எனக்கு நா எழவில்லை. முதியவர் ஒருவருக்கு உண்மையிலேயே உதவத் தோன்றினால், தளக்காரர் அவருடைய யூனிட்டில் பாதியைத் தள்ளிவிடலாம். அப்படிச் செய்யவும் மீட்டர் இருந்தால்தான் முடியும்.

பிரான்ஸைப் பார் என்று சிலர் சொல்வார்கள். அங்கே பல கேம்ப்சைட்களில் 6 ஆம்பியர் இணைப்புக்கு ஒரு விலை, 10 ஆம்பியருக்கு ஒரு விலை. மீட்டர் வேண்டாம், இதைச் செய்யலாமே? புத்திசாலித்தனமான ஏற்பாடுதான், ஐந்து கேரவனும் ஒரே நேரத்தில் கெட்டிலைப் போட்டுப் பண்ணையின் மெயின் ஃபியூஸைப் பறக்கவிடாமல் காக்கும். ஆனால் ஆம்பியர் என்பது இழுக்கும் வேகத்துக்குத்தான் வரம்பு, இழுத்த மொத்தத்துக்கு அல்ல. 6 ஆம்பியரை நாள் முழுக்க இழுத்தால் முப்பத்து மூன்று யூனிட் வரும். 1,000 வாட்டில் ஹீட்டரை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போகிறவரை அது ஒன்றும் செய்யாது. காலையில் பிரிட்டிஷ் கெட்டிலைப் போட்டு ஃபியூஸ் விழுந்து, பைஜாமாவோடு தளக்காரரைத் தேடுகிறவர்தான் அங்கே மாட்டுவார்.

மீட்டர் மீது மக்களுக்கு இருக்கும் வெறுப்பு முழுக்கக் காரணமற்றது என்று சொல்லமாட்டேன். ஐந்து பவுண்டு கார்டு வாங்கச் சொல்லி, மூன்று பவுண்டு எரிந்தபின் மீதியைத் திருப்பித் தராத இடங்கள் உண்டு. யூனிட்டும் வாங்கி, அதற்கு மேல் கரண்ட் கட்டணம் என்று இரவுக்கு ஒரு தொகையும் வாங்குகிற இடங்கள் உண்டு. நாணய மீட்டர்களில் ஒரு பவுண்டுக்கு எவ்வளவு ஓட வேண்டும் என்பதை வைக்கிற திருகு தளக்காரர் கையில் இருந்தது. 2017-இல் வட்டப் பவுண்டு நாணயம் செல்லாததாகி, பன்னிரண்டு பக்க நாணயம் வந்தபோது அந்தப் பெட்டிகளை மாற்ற வேண்டிவந்தது. அப்போதே ஒழிந்திருந்தால் நல்லது. கோபம் நியாயம்தான். ஆனால் கோபம் போக வேண்டிய இடம் திருப்பித் தராத கார்டும் தெரியாத விலையும். தளக்காரர் தன் மின்கட்டண பில்லின் விலைப் பக்கத்தைக் கம்பத்தருகே ஒட்டி வைக்கட்டும். ஒட்டாதவரிடம் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அப்படியானால் தண்ணீருக்கும் மீட்டர் வைக்கலாமே, புல்லை மிதித்ததற்கும் பில் போடலாமே என்று ஒரு கிண்டல் மீதமிருக்கிறது. தண்ணீரை நாற்பது லிட்டர் உருளைப் பீப்பாயில் பிடித்து, குழாயிலிருந்து பிட்ச் வரை கையால் உருட்டிக்கொண்டு வருகிறார்கள். தேவைக்கு மேல் யாரும் உருட்டுவதில்லை.

இப்போது புதிதாக ஒன்று வந்து நிற்கிறது. கேரவனை இழுத்து வருகிற காரே பேட்டரிக் காராகிக்கொண்டிருக்கிறது. சாதாரண 10 ஆம்பியர் சார்ஜரை இரவு பன்னிரண்டு மணி நேரம் மாட்டினால் இருபத்தேழு யூனிட்டுக்கு மேல் போகும். 25 பென்ஸ் கணக்கில் ஏறக்குறைய ஏழு பவுண்டு. நான்கு பவுண்டை உள்ளடக்கிய வாடகையில் இதை அனுமதித்தால் தளக்காரர் ஒவ்வொரு காருக்கும் கைக்காசு போட வேண்டும். அதனால்தான் பல தளங்களில் கேரவனுக்கான மின் இணைப்பில் கார் சார்ஜ் செய்யக் கூடாது என்று பலகை தொங்குகிறது. வயர் தாங்காது என்பது சில இடங்களில் உண்மையான காரணம். வயர் தாங்குகிற இடங்களிலும் அந்தப் பலகை தொங்குவதற்குக் காரணம் அளக்க வழியில்லாததுதான். அருகில் வேறு சார்ஜர் இல்லாத மலைப்பக்கத்துப் பண்ணைக்குப் பேட்டரிக் காரில் வருகிறவர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, கேரவனைக் கழற்றி நிறுத்தி, சார்ஜர் தேடி அடுத்த ஊருக்கு ஓட்டுகிறார். அவர் கேரவனுக்குப் பக்கத்தில், அதே கம்பத்தில், யாரும் இல்லாத ஆனிங்கில் விசிறி ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குப் பலகை கிடையாது.